மூன்று கிழமைக்கு வந்த பிள்ளை

என் வயதுக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். உங்களோடு படித்தவர்களில் பெரியம்மா வீட்டிலோ மாமா வீட்டிலோ நின்று வளர்ந்த பிள்ளை ஒன்றாவது இருந்திருக்கும். எங்கள் காலத்தில் அதை ஒருத்தரும் புதினமாகப் பார்த்ததில்லை. ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள், இன்னொரு வீட்டில் ஒன்றுமில்லை. ஒன்றை இங்கிருந்து அங்கே விட்டார்கள். "எடுத்து வளர்த்த பிள்ளை" என்று பெயர். எடுத்தவர் ஆர் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. கொடுத்தவர் ஆர், பிள்ளையிடம் ஒரு சொல் கேட்டார்களா என்பது அதில் இல்லை.

நான் அப்படி ஒரு பிள்ளை, ஒன்பது வயதில் விட்டார்கள். எனக்கு இப்போது அறுபத்தேழு வயது. அந்த ஆவணியிலிருந்து தை வரைக்கும் நடந்ததை ஒழுங்காக ஒருத்தருக்கும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டதால் அது எங்கேயும் போய்விடவுமில்லை.

எங்கள் வீடு மூதூரில். ஐயா, எங்கள் அப்பா, வயல் செய்தவர். மூத்தவள் அக்கா, அடுத்தது நான், எனக்குக் கீழே மூன்று தம்பிமார். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய கிழமை அம்மா என்னிடம் கடைசித் தம்பியைப் பார்க்கச் சொல்லிவிட்டு மிளகாய் இடிக்கப் போனா. நான் முற்றத்தில் கோடு கீறிக் கெந்திக்கொண்டிருந்தேன். தவழ்ந்து வந்த தம்பி விறாந்தையிலிருந்து விழுந்து, கீழே கிடந்த கல்லில் புருவம் வெடித்துவிட்டது. அம்மா ஓடி வந்து கோப்பித் தூளை வைத்து அமத்தினா. அவவின் கையெல்லாம் மிளகாய் எரிச்சல், தம்பியின் கண்ணிலும் அது பட்டு அவன் இன்னும் கத்தினான். என்னைத் திரும்பிப் பார்த்து, "உன்னை வச்சுக்கொண்டு நான் என்னடி செய்யிறது" என்றா.

அடி விழவில்லை. அடித்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

அதற்கு நாலைந்து நாளைக்குப் பிறகு, "திருகோணமலைக்குப் போவம். பெரியம்மா உன்னைப் பார்க்க ஆசைப்படுறா. விடுமுறைக்கு நிண்டிட்டு வா" என்றா. எனக்குத் தாங்க முடியாத சந்தோசம். தம்பியை விழுத்தின பிள்ளைக்கு இப்படி ஒரு பரிசு.

புறப்படுகிற காலையில் அக்கா தன் சிவப்புக் கண்ணாடிக் காப்புகளைக் கழற்றி என் கையில் போட்டாள். நான் தொட்டாலே தலையில் குட்டுகிறவள். "வச்சிரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் பின்பக்கம் போனாள். வழியனுப்ப வரவுமில்லை. நான் வளைகுடாவைக் கடக்கிற லோஞ்சுப் படகில் இருந்துகொண்டு வழி முழுக்கக் காப்பைக் குலுக்கிக்கொண்டு போனேன். அம்மா என் மற்றக் கையைப் பிடித்தபடி வந்தா. கைபிடித்துக் கூட்டிப்போகிற ஆள் இல்லை அம்மா. தண்ணீருக்குப் பயம் போல என்று நினைத்தேன்.

பெரியம்மா அம்மாவின் அக்கா, பிள்ளையில்லாதவ. வீடு துறைமுகத்துக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில். பெரியப்பா துறைமுகத்தில் கிளாக்கர். அம்மா தேத்தண்ணி குடித்தா, மத்தியானம் சாப்பிட்டா, பின்னேர லோஞ்சுக்கு வெளிக்கிட்டா. வேலிப் படலையில் வைத்து என் தலையைத் தடவினா.

"மூண்டு கிழமை. பள்ளிக்கூடம் துவங்க முதல் வாற ஞாயிற்றுக்கிழமை வருவன். பெரியம்மா சொல்லுறதைக் கேட்டு நட."

ஒழுங்கையின் வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மூன்று கிழமையும், கிட்டத்தட்ட இருபது நாளும், நான் சந்தோசமாகத்தான் இருந்தேன். பொய் சொல்லக்கூடாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். காலையில் பாணும் சீனிச் சம்பலும். பெரியப்பா வேலையால் வந்தால் சேட்டில் தாரும் கப்பல் கயிறும் கலந்த ஒரு மணம் இருக்கும். பொழுதுபட, ஊருக்குள் திரிகிற மான்கள் ஒழுங்கைக்குள் வந்து வேலிக்கு மேலால் மூக்கை நீட்டும், நான் வாழைப்பழத் தோல் கொடுப்பேன். தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்றுப் புழுதி அடங்கின நாட்களில் கடற்கரைக்குப் போனால், வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர் பென்சிலால் கீறின கோடு மாதிரித் தெரியும். அந்தக் கோட்டில் எங்கள் வீடு எங்கே இருக்கும் என்று ஒரு இடத்தை நானே குறித்து வைத்திருந்தேன்.

இப்போது யோசித்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. முதற்கிழமையே பெரியம்மா நாடாவால் என்னை அளந்து வெள்ளைத் துணியில் சட்டை தைக்கத் தொடங்கினா. கோயிலுக்குப் போட என்று நினைத்தேன். பெரியப்பா ஒருநாள் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நிறுத்தி, "பிடிச்சிருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். "வடிவாயிருக்கு" என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஒரு கட்டடத்தைப் பிடித்திருக்கு என்றதற்கு ஒரு மனிசன் ஏன் இவ்வளவு சந்தோசப்படுகிறார் என்று நான் யோசிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியம்மா கோயிலுக்குப் போன நேரம் என் பையைக் கட்டி எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்கு நடந்தேன். பத்து நிமிச நடை. அம்மா வந்து இறங்க நான் தயாராக நிற்க வேண்டும், அவவுக்கு அலைச்சல் இருக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

காலை லோஞ்சில் அம்மா வரவில்லை. மத்தியான லோஞ்சிலும் இல்லை. கயிறு கட்டுகிற லோஞ்சுக்கார முஸ்லிம் நானா மூதூர் ஆள், ஐயாவைத் தெரிந்தவர். என்னைக் கண்டதும் அவருடைய முகம் ஒருமாதிரிப் போனது.

"ஆருக்கு, மகள், பார்த்துக்கொண்டு நிக்கிறீங்க?"

"அம்மாவுக்கு. இண்டைக்கு நான் வீட்ட போறன்."

அவர் கயிற்றைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "பின்னேர லோஞ்சில வருவாவாக்கும். வெயிலுக்க நிக்காம இஞ்சால நிழலுக்கு வாங்க" என்றார். ஒரு பணிஸ் வாங்கித் தந்தார். அதை நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

பின்னேர லோஞ்சில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு மாமி இறங்கினா. என்னையும் பையையும் பார்த்தா. பிறகு மற்றப் பக்கம் திரும்பி, வேறு ஆரையோ தேடுகிற மாதிரி விறுவிறு என்று நடந்து போனா. வழக்கத்தில் என் கன்னத்தைக் கிள்ளாமல் போகாத மனிசி.

கடைசியாகப் பெரியப்பாதான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். வேர்த்து ஊற்றியிருந்தது.

"எங்கயெல்லாம் தேடுறது, பிள்ளை. அம்மாவைத் தேடுதோ? தை பிறக்கட்டும், வருவா."

"நாளைக்குப் பள்ளிக்கூடம்" என்றேன்.

"ஓம், நாளைக்குப் பள்ளிக்கூடம்தானே. பெரியம்மா சட்டையெல்லாம் தைச்சு மடிச்சு வச்சிருக்கிறா."

நான் சொன்ன பள்ளிக்கூடம் வேறு, அவர் சொன்னது வேறு. அது எனக்கு விளங்க, இறங்குதுறையிலிருந்து வீட்டுக்கு வந்து சேருகிற நேரம் எடுத்தது.

அடுத்த நாள் காலை பெரியம்மா அலுமாரியைத் திறந்து ஒரு கடதாசியை எடுத்தா. எட்டிப் பார்த்தேன். என் பெயர். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை விலக்கின விடுகைப் பத்திரம். கீழே ஐயாவின் கையெழுத்து, எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து.

"நான் எங்கட பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேணும்" என்றேன்.

பெரியம்மா கடதாசியோடு அப்படியே நின்றா. "உனக்கு அம்மா சொல்லேல்லையோ?"

"மூண்டு கிழமை எண்டு சொன்னவ."

"நீ ஓம் எண்டனியாம். பெரியம்மா வீட்டில நிண்டு படிக்கப்போறன் எண்டு துள்ளினியாம். எனக்கு அப்பிடித்தானே சொன்னவள்."

பிறகு கதிரையில் இருந்து அழத் தொடங்கினா. பெரிய ஆள் ஒருத்தர் அப்படி அழுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் குசினிக்குள் போய் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தேன். அவ குடித்தா. நான் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அளவாக இருந்தது.

பெரியம்மா கெட்டவ இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஐந்தாறு நாள் கழித்து, தலை பின்னிவிட்டுக்கொண்டே, "விருப்பமெண்டா என்னை அம்மா எண்டு கூப்பிடு, விருப்பமெண்டாத்தான்" என்று மெல்லக் கேட்டா. அன்றிலிருந்து அவவை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல் விட்டேன். பசித்தால் குசினி வாசலில் போய் நின்று சுவரைப் பார்த்து, "சோறு ஆச்சோ" என்பேன். அவ எங்காவது உள்ளே நின்றால், முறை சொல்லிக் கூப்பிடாமல் கதைப்பதற்காக, அவவாக முன்னுக்கு வரும்வரை காத்திருப்பேன். பெரியம்மா என்று திரும்பக் கூப்பிட எனக்கு ஒரு வருசத்துக்கு மேல் எடுத்தது. அம்மா என்று கடைசிவரை கூப்பிடவேயில்லை. அவ பிறகு ஒருநாளும் கேட்கவுமில்லை.

ஏன் என்னை விட்டார்கள் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இருக்கவில்லை. தம்பியின் புருவம். உன்னை வச்சுக்கொண்டு நான் என்னடி செய்யிறது என்று அம்மா வாயாலேயே சொன்னவதானே. அப்படியென்றால் வழியும் இருந்தது. நான் நல்ல பிள்ளையாக மாறிக் காட்டினால், அம்மா திரும்பக் கூட்டிக்கொண்டு போவா. அன்றிலிருந்து நான் ஒன்றுக்கும் அடம் பிடித்ததில்லை. பீங்கான் கழுவினேன், முற்றம் கூட்டினேன், வகுப்பில் முதலாவதாக வந்தேன். வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்து லோஞ்ச் ஓடாத நாட்களில், கண்ணாடிக் காப்புகள் ஒவ்வொன்றாக உடைந்து முடிந்தன. கடைசிக் காப்பு பள்ளிக்கூடக் கிணற்றடியில் உடைந்தது. துண்டுகளைக்கூட நான் பொறுக்கவில்லை.

தை பிறந்து கடல் அடங்கியபின் அம்மா வந்தா, இடுப்பில் தம்பியோடு. அவன் புருவத்தில் மயிர் முளைக்காத ஒரு கோடு இருந்தது. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தட்டத்தில் வைத்துக் கொடுத்தேன். தம்பியை வாங்கி இடுப்பில் வைத்தவள்தான், அன்று முழுக்கக் கீழே இறக்கவில்லை. இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலித்தது. அம்மா பார்க்க வேண்டும் என்று அவ இருக்கிற இடத்துக்கு முன்னாலேயே நடந்தேன். இனி விழுத்தமாட்டேன் என்று எனக்குச் சொல்லத் தெரிந்த விதம் அது.

அம்மா பார்த்தா. பார்த்துவிட்டுப் பெரியம்மாவிடம், "பாத்தியளோ அக்கா, என்ன மாதிரிப் பழகிட்டாள். நான் பயந்தது வீண்" என்றா.

இறங்குதுறைக்கு நானும் போனேன். லோஞ்ச் கயிற்றை அவிழ்க்கும்வரை, "நானும் வாறன் அம்மா" என்ற மூன்று சொல்லும் வாய்க்குள் இருந்தது. கேட்கவில்லை. லோஞ்ச் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு முழு ஆயுள் ஓடிப்போனது. ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தேன். மற்றவர்கள் மாட்டோம் என்ற வேலை முறையெல்லாம் எனக்கு வந்தது, செய்தேன். கலியாணம், இரண்டு பிள்ளைகள், அவர்கள் இப்போது வேறு ஊர்களில். பெரியப்பா, பிறகு பெரியம்மா, பிறகு என் கணவர், மூன்று பேரையும் கடைசிவரை நான்தான் பார்த்தேன். "அவள் எண்டாச் சமாளிப்பாள்" என்பது என் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட பட்டம். எனக்கு அதில் பெருமையும் இருந்தது. ஆனால் படுக்கையில் சாய்ந்தால் ஒரு குரல் வரும். அன்றைக்கு இறங்குதுறையில் நீ ஏன் வாயைத் திறக்கவில்லை, ஊமைச்சி. ஒரு சொல் கேட்டிருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பாவே. அந்தக் குரல் அம்மாவை ஏசியதில்லை. என்னைத்தான் ஏசியது.

பெரியம்மா இறந்தபின் அலுமாரியை ஒதுக்கும்போது அந்த விடுகைப் பத்திரம் கையில் அகப்பட்டது. முதல் முறையாகத் திகதியைக் கவனித்தேன். விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடுவதற்கு இரண்டு கிழமைக்கு முந்தின திகதி. தம்பி விழுந்தது விடுமுறை தொடங்கியபிறகு. அவன் விழமுன்னமே எல்லாம் தீர்மானித்தாகிவிட்டது. நான் எந்தக் குற்றத்துக்காக அத்தனை வருசம் நல்ல பிள்ளையாக இருந்தேனோ, அந்தக் குற்றத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்புமில்லை. அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டேன். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படியானால் ஏன் என்னை?

கேட்கச் சந்தர்ப்பமும் வந்தது. போரால் மூதூரிலிருந்து எல்லாரும் இடம்பெயர்ந்து வந்த காலத்தில் அம்மாவும், பெரியம்மாவுக்குப் பிறகு நான் இருக்கிற இந்த வீட்டுக்கு வந்தா. மற்றவர்கள் திரும்பிப்போக, அம்மா என்னோடு தங்கிவிட்டா. அவவைப் பார்க்கவும் நான்தான். ஒரு பின்னேரம் அவவுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். முகம் பார்க்காமல் கேட்பது சுகமாக இருந்தது.

"அஞ்சு பேரில ஏன் அம்மா என்னைக் குடுத்தனீங்கள்?"

மறந்துபோய்விட்டா என்று நினைத்தேன். இல்லை. விடை ஆயத்தமாக இருந்தது.

"மூத்தவள் போனா வீட்டு வேலைக்கு ஆளில்லை. பொடியளைக் குடுக்க ஐயா விடார். நீ அழாத பிள்ளை. எங்க விட்டாலும் இருப்பாய் எண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அம்மா மடியில் விழுந்த மயிரை எடுத்து விரலில் சுற்றினா. பிறகு, "சொன்னா நீ என்னைப் பார்ப்பாய். அந்தப் பார்வையை என்னால தாங்க ஏலாது" என்றா.

நான் சிக்கெடுத்து முடித்துக் கொண்டை போட்டுவிட்டேன். அம்மா தாங்க மாட்டா என்பதற்காக அதை ஒன்பது வயதுப் பிள்ளை தாங்கியிருக்கிறது. மன்னித்தாயா என்று கேட்காதேயுங்கோ. சோறு ஊட்டினேன், குளிக்க வார்த்தேன், போன வருசம் அவ போனபோது கண்ணையும் நானே மூடிவிட்டேன். மன்னித்தேனா என்று எனக்கே தெரியாது.

அம்மாவின் காரியங்கள் முடிந்து சில மாதத்தில், பாலையூற்றில் இருக்கிற அக்கா வந்து என்னோடு தங்கினாள். இருவருமாக மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தோம். தானாகவே தொடங்கினாள்.

"எனக்கு முதலே தெரியும். உன்னைக் குடுக்கப்போகினம் எண்டு. வாய் திறந்தா அவளுக்குப் பதிலா உன்னைத்தான் அனுப்புவன் எண்டு அம்மா என்னட்டச் சொன்னவ. நான் பயத்தில பேசாம இருந்திட்டன். காப்பைத் தந்தன்."

அறுபது வருசத்துக்குக் கிட்ட அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அவளில் கோபம் வரவில்லை. தேற்றத்தான் தோன்றியது.

"விடு அக்கா. பன்னிரண்டு வயசுப் பிள்ளை என்ன செய்யும்?"

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஒன்பது வயசுப் பிள்ளை என்ன செய்யும்? ஏன் கேக்காம விட்டனான் எண்டு நீ எத்தினை தரம் எனக்கே சொல்லியிருக்கிறாய்."

நான் அடுத்த மீனை எடுத்துச் செதில் சீவினேன். ஆனால் அன்றிலிருந்து பலநாள், இறங்குதுறையில் நின்ற அந்தப் பிள்ளையை நினைத்துப் பார்த்தேன். ஏசுவதற்காக இல்லை. எவ்வளவு உயரம் இருந்திருப்பாள் என்று பார்த்தேன். லோஞ்சின் விளிம்பு அவளுடைய நெஞ்சுக்கு வந்தது. அவளைச் சுற்றியிருந்த பெரியவர்கள் எல்லாரும் அறிந்திருந்தார்கள், அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. விடுகைப் பத்திரம் எழுதின வாத்தியார், லோஞ்சுக்கார நானா, எங்கள் தெரு மாமி. இவ்வளவு பேர் சேர்ந்து மூடி வைத்ததை அவள் மூன்று சொல்லால் திறந்திருக்க வேண்டும் என்று நான் அத்தனை காலமும் எதிர்பார்த்திருக்கிறேன். அம்மா செய்தது ஒரு துரோகமென்றால் அதற்குப் பிறகு நான் அந்தப் பிள்ளைக்குச் செய்துவந்தது இன்னொன்று.

போன மாதம் கடைசித் தம்பி வெளிநாட்டிலிருந்து தொலைபேசி எடுத்தான். அக்கா குசினியில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னக்கா, அம்மாவின்ர ஆண்டுத் திவசத்தை உங்கட வீட்டிலயே வைப்பம். ஒரு அம்பது பேர்தான் வருவினம். சமையல், ஐயர், வாறாக்களுக்குப் படுக்கை எல்லாம் நீங்கள் பாப்பியள்தானே. நான் ரெண்டு நாளைக்கு முந்தி வருவன். நீங்கள் எண்டாச் சமாளிப்பியள்."

"ஏலாது" என்றேன்.

"என்ன சின்னக்கா? கேக்கேல்லை."

"எனக்கு ஏலாது, தம்பி. முழங்கால் நோகுது. கோயில் மடத்தில ஒழுங்கு செய். நான் வந்து இருப்பன்."

பிறகு கேட்டான், "கோவமோ?"

இல்லை என்றுதான் என் வாய் பழகியிருந்தது. "ஓம்" என்றேன். "உன்னோட இல்லை. ஆனா கோவம்தான்."

அவன் மடத்துக்கு ஆளைப் பிடிப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான். குரலில் பயம் இருந்தது, ஆனால் சண்டை இல்லை. அவ்வளவு சுகமாக முடிந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தொலைபேசியை மேசையில் வைத்தேன். கதிரையில் இருந்தேன். எங்கேயோ இருந்து அழுகை வந்தது. சத்தமாக, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளைகள் அழுவது போல.

அக்கா குசினி வாசலில் வந்து நின்று பார்த்தாள். பிறகு வந்து பக்கத்தில் இருந்தாள். அழாதே என்று அவள் சொல்லவில்லை. உள்ளே சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. இரண்டு பேரும் எழும்பவில்லை.